படம் கீறுவதற்கு முன் கானைத் திறந்து பாருங்கள்

2016 செப்டெம்பரில் கட்டார் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டது, கடையைப் பார்க்க ஆள் இல்லை. எங்களுடையது கொப்பி, பேனை, பாடசாலைச் சாமான் விற்கிற கடை. திருகோணமலை நகருக்குள், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய கடைத்தெருவில் இருக்கிறது. தெருவின் பெயரை எழுதவில்லை. இதில் வருகிற பலர் இன்னும் அங்கேதான் கடை வைத்திருக்கிறார்கள், நானும் அங்கேதான் காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன். 410 மீற்றர் நீளம், 63 கடைகள். ஓட்டுக்கூரையும் முன்விறாந்தையும் உள்ள பழைய கடைகள் பாதி. மற்றவை எரிந்த இடத்தில் பிறகு கொங்கிரீட் போட்டு எழுப்பியவை. எங்கள் ஊரில் 83 கலவரம், 2006 கலவரம் என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

சின்ன வயதில் தீபாவளிக்கு முதல் நாள் அந்தத் தெருவில் அப்பாவின் கையை விட்டால் தொலைந்துபோவேன் என்கிற அளவுக்குச் சனம் இருக்கும். நான் திரும்பி வந்தபோது மாலை ஆறு மணிக்கே பாதிக் கடை பூட்டிவிடுவார்கள். தெருவோரத்துக் கானிலிருந்து (வடிகாலிலிருந்து) நாற்றம், தெருவிளக்கு மூன்றில் ஒன்றுதான் எரியும். கட்டாரில் பெரிய கட்டுமானக் கொம்பனியில் கியூ.எஸ். வேலை, அதாவது கட்டுமான அளவும் செலவும் கணக்கிடுகிற வேலை பார்த்தவன் நான். வரைபடம் வாசிக்கத் தெரியும், கணக்குப் போடத் தெரியும், ஆகவே இந்தத் தெருவைத் திருத்தத் திட்டம் போடவும் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை மூன்றே கால் வருடமும் 13 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாயும். மனைவியின் காப்பு இரண்டு அடைவில் போனது. மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ மன்னாரிலோ இதே மாதிரி ஒரு பழைய தெருவில் நின்றுகொண்டு 'இதை இப்படியே விடக்கூடாது' என்று யாராவது நினைத்தால், அவர் என்னை விடக் கொஞ்சம் குறைவாக இழக்கட்டும் என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பிழை, முதல் மாதத்திலேயே செய்தேன். ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடியில் கூட்டம் வைத்தோம். 22 கடைக்காரர் வந்தார்கள். தேத்தண்ணி குடித்தோம், எல்லோரும் 'நல்ல விசயம் தம்பி' என்றார்கள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரமே கணினியில் முப்பரிமாணப் படம் செய்கிற ஒரு இளைஞரிடம் 2 இலட்சத்து 25 ஆயிரம் கொடுத்து எங்கள் தெரு 'வரப்போகிற' கோலத்தைக் கீறச் சொன்னேன். கருங்கல் பதித்த நடைபாதை, ஒரே நிறத்தில் பெயர்ப்பலகை, பழங்காலத்து விளக்குக் கம்பம், தெரு முனையில் வளைவு, தொப்பி போட்ட வெள்ளைக்காரர் நான்கு பேர், ஒரு மான். மானை மட்டும் சரியாகப் போட்டிருந்தார் என்று பிறகு விளங்கியது, அதைப் பின்னால் சொல்கிறேன். படத்தைப் பெரிதாக அச்சடித்து 2017 தைப்பொங்கலுக்குச் சந்தியில் கட்டினேன். அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கிழமைக்குள் தெரு முழுக்க மூன்று கதை ஓடியது. வீதியை அகலமாக்கப் போகிறார்கள், ஆளுக்குப் பத்தடி போகும் என்பது ஒன்று. கொழும்பு முதலாளி ஒருவர் தெருவையே வாங்கப் போகிறார், நான் அவருடைய ஆள் என்பது இரண்டாவது. மூன்றாவது கதை கட்டட உரிமையாளர்கள் மத்தியில் ஓடியது: இனிமேல் இங்கே வாடகை ஏறும்.

எங்கள் கடைக்கு ஐந்தாவது கடை ஒரு தையல்கடை. 31 வருடமாக ஒரே இடம், ஒரே மெஷின். என் பாடசாலைக் காற்சட்டையெல்லாம் தைத்தவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாத வாடகை 9,000. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. படம் கட்டி ஒரு மாதத்தில் உரிமையாளர் வந்து 30,000 வாடகையும், கடையை வைத்திருக்க முற்கூட்டியே கட்டுகிற கீ மணியாக 5 இலட்சமும் கேட்டிருக்கிறார். மாமா யாரிடமும் சொல்லவில்லை. சித்திரை வருடப்பிறப்புத் தையல் வேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லாண்ட் மாஸ்டரில் மெஷினை ஏற்றிக்கொண்டு பாலையூற்றுக்குப் போய்விட்டார். நான் திங்கட்கிழமை காலையில் பூட்டைப் பார்த்துத்தான் அறிந்தேன். உரிமையாளரைக் கண்டு கேட்டபோது அவர் கோபிக்கவே இல்லை, சிரித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, உங்கட படத்தைப் பார்த்த பிறகுதான் என்ர கடையின்ர பெறுமதி எனக்கே விளங்கினது." அந்தக் கடை அதற்குப் பிறகு இரண்டு வருடம் பூட்டியே கிடந்தது. 30,000 கொடுக்க யாரும் வரவில்லை.

இதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது நிறைய. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எல்லாக் கட்டடத்துக்கும் அது பொருந்தாது, பின்னால் வந்த திருத்தங்கள் பலவற்றை விலக்கிவிட்டன, ஆகவே உங்கள் கடைக்குப் பொருந்துமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டே ஆக வேண்டும். பொருந்தினால், உரிமையாளர் நினைத்த நேரத்தில் நினைத்த தொகை கேட்க முடியாது. அவர் வாடகையை வாங்க மறுத்தாலும் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டி ரசீது எடுக்க வழி இருக்கிறது. மாமாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் 31 வருடத்து வாடகைக்கு அவரிடம் நான்கு ரசீதுதான் இருந்தது. மலேசியாவின் ஜோர்ஜ் டவுனில் 2000 ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்தபோது, பழைய கடைவீடுகளில் காலங்காலமாக இருந்தவர்கள் பலர் வெளியேற வேண்டி வந்ததாகப் பின்னாளில் வாசித்தேன். முதலில் வாசித்திருந்தால் படத்துக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதியை ஒரு சட்டத்தரணிக்குக் கொடுத்து, வாடகைக்காரர் எல்லோருக்கும் ஐந்து வருட எழுத்து ஒப்பந்தம் போட்டிருப்பேன். படம் கட்டுவதற்கு முன்பு உரிமையாளர்கள் அதற்குச் சம்மதித்திருப்பார்கள், அப்போது அந்தத் தெருவுக்கு மதிப்பே இருக்கவில்லை. படம் கட்டிய பிறகு ஒருவரும் சம்மதிக்கவில்லை.

மாமா போன பிறகுதான் நான் ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். இந்தத் தெரு ஏன் செத்தது? நான் நினைத்தது கட்டடம் பழசு, கான் நாற்றம், சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது என்று. ஒரு நாள் இரவு அப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் இருக்கிற மூதூரைப் பற்றிச் சொன்னார். "மூதூர்ச் சனம் லோஞ்சில வந்து இறங்கி இந்தத் தெருவாலதான் நடந்து போகும். பாலம் வந்த பிறகு பஸ்ஸில வந்து பஸ் நிலையத்தில இறங்குது. எங்கட தெருவுக்கு என்னத்துக்கு வரும்?" கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. அதற்குப் பிறகு மட்டக்களப்பு வீதியில் இருந்த மற்றப் படகுப் பாதைகளுக்கும் பாலம் போட்டார்கள். அது ஊருக்கு நல்லது, மூதூர்க்காரருக்கு மிகவும் நல்லது. ஆனால் 63 கடையின் வாசலால் நடந்து போன சனம் வேறு பக்கத்தால் போகத் தொடங்கியது. நான் கீறிய வளைவும் விளக்குக் கம்பமும் அந்தச் சனத்தை எப்படித் திருப்பிக் கொண்டுவரும் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ரொறன்ரோவில் இருக்கிற என் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, அங்கே புளூர் வெஸ்ட் என்கிற கடைத்தெருவுக்கும் இதே கதைதான் என்றார். அறுபதுகளின் பிற்பகுதியில் நிலத்தடி ரயில் வந்து ட்ராம் நின்றதும், தெருவால் போன சனம் நிலத்துக்குக் கீழே போய்விட்டது. கடைக்காரர் என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எண்ணத் தொடங்கினேன். செலவில்லாத வேலை, இதை முதலில் செய்யுங்கள். கடைப் பையன் ஒருவனும் நானும் தெருவின் இரண்டு முனையிலும் கதிரை போட்டு, சாதாரண நாள் ஒன்று, சனிக்கிழமை ஒன்று, சம்பள நாளுக்கு அடுத்த நாள் ஒன்று என்று மூன்று நாள் இருந்தோம். காலை 9 முதல் இரவு 7 வரை ஒவ்வொரு மணிக்கும் முதல் பதினைந்து நிமிடம் நடந்து போகிறவர்களை எண்ணினோம். நடந்து வருகிறவர்களில் பாதிப் பேர் எந்தக் கடைக்கும் வரவில்லை, வெயிலுக்கு விறாந்தை நிழலால் குறுக்கே போகிறவர்கள். அதே நாட்களில் நிறுத்தியிருக்கிற மோட்டார் சைக்கிள்களின் இலக்கங்களையும் அரை மணிக்கு ஒருமுறை எழுதினோம். எல்லாக் கடைக்காரரும் சொன்ன முதல் முறைப்பாடு 'வாகனம் விட இடமில்லை, அதனால் வாடிக்கையாளர் வருவதில்லை' என்பதுதான். காலை 9 மணிக்கு நின்ற 52 சைக்கிளில் 38 மாலை 5 மணிக்கும் அதே இடத்தில் நின்றது. அவ்வளவும் கடைக்காரருடையதும் கடையில் வேலை செய்கிறவர்களுடையதும். என்னுடையதும் அதில் ஒன்று. இந்தக் கணக்கைக் கூட்டத்தில் வாசித்தபோது சிரிப்பு எழும்பியது, பிறகு ஒருவரும் பேசவில்லை, அடுத்த கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். எண்ணியதைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய், முதலில் என் சைக்கிளை அப்புறப்படுத்திவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது அனுமதி. நகரத்துக்குள் இருக்கிற தெரு நகரசபைக்குத்தான் சொந்தம் என்று நினைத்து எட்டு மாதம் ஒரே அலுவலகத்துக்கு நடந்தேன். அப்போது தெரிவு செய்யப்பட்ட சபையும் இல்லை, உறுப்பினர் என்று போய்ப் பேசவும் ஆள் இல்லை. எட்டாவது மாதம் ஒரு எழுதுவினைஞர், பாவம் பார்த்து, மேசைக்கு மேலால் குனிந்து கேட்டார்: "அண்ணை, முன்பக்கத் துண்டு எங்கட றோட் இல்லையே, தெரியாதா?" ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு, மிச்சம்தான் உள்ளூராட்சி மன்றத்துக்கு. சந்தியோடு சேர்ந்த கடைசி 70 மீற்றர் வேறு அலுவலகத்தின் பொறுப்பு. நான் படத்தில் வளைவு வைத்தது அந்தத் துண்டில். யாருடைய வீதி என்பதை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். அதோடு வீதிக்காக ஒதுக்கிய எல்லை எதுவரை என்று காட்டுகிற வீதிக்கோட்டுச் சான்றிதழையும் எடுங்கள். எங்கள் தெருவின் பழைய விறாந்தைகள் பெரும்பாலும் வீதிக்கோட்டைத் தாண்டி வீதிப் பக்கம் நிற்கின்றன. உரிமையாளர் புதிதாகக் கட்ட அனுமதி கேட்டால் அந்தப் பகுதியை விட வேண்டி வரும். 22 அடி ஆழமுள்ள கடையில் 9 அடி போனால் மிச்சம் என்ன? இவர்கள் ஏன் இருபது வருடமாக ஓட்டைக்கூட மாற்றாமல் விட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சோம்பல் என்று கூட்டத்தில் சொன்னவன் நான்.

காணி உறுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நினைத்தாலே தலையிடிக்கிறது. காணிப் பதிவகத்தில் தேட ஒரு சட்டத்தரணிக்கு 90,000 கொடுத்தேன். 63 கடைக்கு 19 உரிமையாளர் என்று வந்தது. சில கடைகள் இன்னும் பூட்டனின் பெயரில், பிரிக்கப்படாத பங்காக, லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பதினொரு பேருக்குச் சொந்தம். சில கோயில் காணி. சிலவற்றில் இருப்பவர் ஆண்டுக்கணக்கில் இருந்தேன், எனக்கே சொந்தம் என்கிறார். 83 இல் ஓடிப்போன குடும்பமோ திருப்பிக் கேட்கிறது. யுத்தத்தால் வரமுடியாமல் போனவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை நீண்ட காலம் இருந்ததால் காணி சொந்தமாகிற ஆட்சிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016 இல் ஒரு விசேட சட்டமே வந்தது. அப்படியான வழக்குள்ள கடைக்கு முன்னால் ஒரு கல் பதித்தாலும் இரண்டு பக்கமும் உங்களைத்தான் சந்தேகிக்கும். 19 பேரில் பேசக்கூடிய ஏழு பேரைக் கண்டுபிடித்து அவர்களோடு தொடங்குங்கள். தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் தொட நினைத்தது என்னுடைய ஆசை, தெருவின் தேவை அல்ல.

ஆலோசகர் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2017 கடைசியில், முறையான திட்ட அறிக்கை இருந்தால்தான் அலுவலகங்களில் எடுபடும் என்று ஒருவர் சொல்ல, ஓர் ஆலோசனைக் குழுவுக்கு 3 இலட்சம் முற்பணம் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து 86 பக்கம் வந்தது. 41 ஆம் பக்கத்தில் 'ஆற்றங்கரை நடைபாதையை நகர மத்தியோடு இணைத்தல்' என்று ஒரு தலைப்பு. எங்களுக்கு ஆறு கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம். வேறு ஊருக்கு எழுதியதில் பெயரை மாற்றியிருக்கிறார்கள், ஆற்றை மாற்ற மறந்துவிட்டார்கள். முற்பணம் திரும்பவில்லை. கொடுப்பதாக இருந்தால், முதலில் ஒரு நாள் தெருவில் உங்களோடு நடக்கச் சொல்லி, அன்றே இரண்டு பக்கம் எழுதித் தரக் கேளுங்கள். அதற்கு வராதவர் 86 பக்கத்துக்கும் வரமாட்டார்.

இனி கான். இதில்தான் என் காசு அதிகம் புதைந்தது, அதுவும் சொல்லுக்குச் சொல் உண்மையாக. 2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து புதுச் சபை வந்தது. மறுபடி முதலிலிருந்து எல்லோரையும் கண்டு, கடைசியில் நான்கு கடைக்கு முன்னால் 30 மீற்றருக்கு மாதிரி நடைபாதை போட அனுமதிக் கடிதம் கிடைத்தது. இன்டர்லொக் கல், ஓரக்கல், பூந்தொட்டி 12, எல்லாம் சேர்த்து 4 இலட்சத்து 10 ஆயிரம், என் கையிலிருந்து. ஓகஸ்ட் மாதம் முடித்தோம். முதல் இரவே தொட்டிச் செடியெல்லாம் வெறும் தண்டு. எங்கள் ஊரில் புள்ளிமான்கள் கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி இரவில் நகரத்துக்குள் திரியும் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் மான் சாப்பிடாத செடி எது என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அது சிரித்துவிட்டுப் போகிற விசயம். ஐந்தாவது கிழமை ஒரு காலை கடைக்கு வந்தால் பெக்கோ (மண் தோண்டுகிற இயந்திரம்) ஒன்று என் நடைபாதையின் நடுவில் நிற்கிறது. பழைய குழாய் மாற்றுகிறார்களாம். யாருக்கும் என் மேல் கோபமில்லை, அவர்களிடமும் கடிதம் இருந்தது. மாலைக்குள் 30 மீற்றரில் 24 மீற்றர் மண்மேடு. கல்லைக் குவித்து ஓரமாகப் போட்டுவிட்டு, மணலை நிரப்பி மூடிவிட்டுப் போனார்கள். அன்றிரவு நான் கடைக்குள் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். 38 வயது.

அந்தக் கோபத்தில்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதினேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரியில். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நிலத்துக்குக் கீழே ஏதாவது வைத்திருக்கக்கூடிய நான்கு நிறுவனங்களுக்கும், தண்ணீர், மின்சாரம், தொலைபேசி, வடிகால் என்று, ஒரே கேள்வியை அனுப்பினேன்: அடுத்த மூன்று வருடத்தில் இந்தத் தெருவில் தோண்டும் வேலை ஏதாவது திட்டத்தில் இருக்கிறதா? மூன்று பதில் வந்தது. குழாய் வேலை நான் கல் பதிப்பதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே திட்டத்தில் இருந்திருக்கிறது. நான்கு முத்திரைக் காசில் அறியக்கூடியதை நான்கு இலட்சம் கொடுத்து அறிந்தேன். நீங்கள் எந்தத் தெருவைத் தொடுவதாக இருந்தாலும் இந்த நான்கு கடிதமும் போன பிறகுதான் மற்றது.

பிறகு மாரி வந்தது. நவம்பரில் முதல் பெருமழைக்கு, மிச்சமிருந்த ஆறு மீற்றர் நடைபாதை தண்ணீரைத் தடுத்து, இரண்டு கடைக்குள் கணுக்கால் அளவு புகுந்தது. ஒன்று ஒரு நானாவின் அரிசிக்கடை, 14 மூடை நனைந்தது. அவர் என்னிடம் காசு கேட்கவில்லை, நான் கேட்டும் தொகை சொல்லவில்லை, ஆனால் அதன் பிறகு கூட்டத்துக்கும் வரவில்லை. சேவையர் (நில அளவையாளர்) ஒருவரைப் பிடித்து 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்குத் தெரு முழுக்க மட்டம் எடுத்தேன். கானின் நடுப்பகுதி, கடல் பக்கத்து வாயை விட 18 சென்ரிமீற்றர் பள்ளத்தில் இருக்கிறது. எப்போதோ யாரோ திருத்தும்போது தலைகீழாகச் சரித்துவிட்டார்கள். அதோடு மாரியில் அலை மணலைத் தள்ளி வாயையும் மூடிவிடும். அந்தத் தண்ணீருக்குப் போக வழியே இல்லை. இத்தனைக்கும் மட்டம் எடுக்கக் காசு கொடுக்க முன்பு செய்யக்கூடிய வேலை ஒன்று இருந்தது: பெருமழை நாளில் சோக்குக்கட்டியோடு நடந்து, ஒவ்வொரு கடைச் சுவரிலும் தண்ணீர் ஏறிய இடத்தில் கோடு போடுவது. மழை விட்ட பிறகு அந்தக் கோடுகளைப் பார்த்தாலே பள்ளம் எங்கே என்று தெரிந்துவிடும். சோக்கு என் கடையிலேயே விற்கிறது.

எங்கள் பக்கத்தில் நாட்காட்டியையும் பார்த்தே ஆக வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, தோண்ட முடியாது. அதற்குள்ளேயே தீபாவளி, நத்தார், பொங்கல் வியாபாரம், தோண்டவும் கூடாது. பாடசாலை தொடங்குகிற ஜனவரி எனக்குச் சீசன். பிறகு சித்திரை வருடம். நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும், அதையும் பார்க்க வேண்டும். கழித்துப் பார்த்தால் ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரைதான் கையில் இருக்கிறது. அலுவலகத்தில் கடிதம் செப்டெம்பர் 20 ஆம் திகதி கிடைத்தால், அது அடுத்த வருடத்துக்கான கடிதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காசைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று. எல்லாவற்றையும் என் கையிலிருந்து செலவழித்தால் எல்லோரும் நம்புவார்கள் என்று நினைத்தேன். நடந்தது மறுபக்கம். "உனக்கு இதில என்ன லாபம்?" என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். லாபமில்லாமல் ஒருவன் 13 இலட்சம் போடுவானா? நியாயமான கேள்விதான். தாங்கள் ஒரு ரூபாயும் போடாத நடைபாதையைப் பெக்கோ தோண்டியபோது, எதிர்க் கடைக்காரர் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து 500 ரூபாய் வாங்கியிருந்தால் எழும்பி வந்திருப்பார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டு வெடித்தது எங்கள் ஊரில் இல்லை, ஆனால் அதன் பிறகு சில மாதம் எங்கள் தெருவில் தமிழ்க் கடைக்காரரும் முஸ்லிம் கடைக்காரரும் முன்பு போல ஒருவர் கடையில் ஒருவர் தேத்தண்ணி குடிக்கவில்லை. யாரும் சண்டை பிடிக்கவில்லை, கூட்டம் என்று கூப்பிடத்தான் எனக்கும் வாய் வரவில்லை. சுற்றுலாக்காரரும் வரவில்லை. அந்த டிசெம்பரில் கோப்புகளை ஒரு பெட்டிக்குள் போட்டுக் கட்டினேன். செலவுக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி மனைவியிடம் கொடுத்தேன்: படம் 2.25, ஆலோசகர் 3, சேவையர் 1.8, சட்டத்தரணி 0.9, நடைபாதை 4.1, கொழும்புப் பயணம், அச்சு, கூட்டச் செலவு 1.35. அவள் கூட்டிப் பார்த்துவிட்டு, "காப்பை எப்ப மீட்கிறது எண்டு எழுதேல்லையே" என்றாள். மூன்று மாதத்தில் கொரோனா ஊரடங்கு.

2023 இல் திரும்பத் தொடங்கியது நான் இல்லை. எங்கள் வரிசையில் பாமசி வைத்திருக்கிற அக்கா ஒருவர் வந்து, "தம்பி, உங்களிட்ட கானின்ர மட்டக் கணக்கு இருக்கெல்லோ?" என்று கேட்டார். டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் அவருடைய கடைக்கு முன்னால் கானைப் பார்த்து எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். படம் இல்லை, வளைவு இல்லை, திட்டம் என்ற சொல்லே இல்லை. பக்கத்துப் பக்கமாக ஏழு கடை, அரிசிக்கடை நானாவும் சேர்த்து. சபையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, கானின் 44 மீற்றரைத் திறந்து, சரிவை மாற்றி, தூக்கித் துப்புரவாக்கக்கூடிய மூடி போட்டோம். முந்தின வருடம் எக்கச்சக்கமாக ஏறியிருந்த சீமெந்து மூடை விலை அப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு. ரொறன்ரோக் கடைக்காரர் 1970 இல் செய்ததும் ஏறக்குறைய இதுதான். தங்கள் தெருவுக்கு மட்டும் எல்லாக் கடைக்காரரிடமும் ஒரு மேலதிக வரி அறவிட்டுத் தாருங்கள் என்று நகரசபையிடம் தாங்களே கேட்டு வாங்கினார்கள். உலகத்தில் அப்படியான முதல் ஏற்பாடு அது. இங்கே அதற்குச் சட்ட வழி கேட்டு அலைய எனக்குத் தெம்பில்லை. நாங்கள் மாதம் ஆளுக்கு 500 ரூபாய், வங்கிக் கணக்கு ஒன்று, மூன்று பேர் கையெழுத்து, கொப்பி பாமசி அக்காவிடம். அதில் கான் துப்புரவும் இரண்டு விளக்கின் பல்பும் ஓடுகிறது. இரவு எட்டு மணிவரை ஏழு கடையும் திறந்து வைப்பது என்றும் பேசிக்கொண்டோம். போன வருடம் எட்டாவதாக ஒரு செருப்புக்கடை சேர்ந்தது.

தையல் மாமாவிடம் இப்போதும் பாலையூற்றுக்குப் போய்த்தான் காற்சட்டை தைக்கிறேன். நான் ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன். அவர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு கூடிவிட்டது என்றார். அவருடைய பழைய கடையில் இப்போது போன் திருத்துகிற ஒரு பையன் இருக்கிறான், வாடகை 14,000, இரண்டு பக்கத்தில் எழுதிய ஐந்து வருட ஒப்பந்தம். அதை வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடவிட்டேன்.

இந்த மாதம் இரண்டு பேர் 500 கொடுக்கவில்லை. அதில் ஒருவர் என் சொந்தச் சித்தப்பா. செப்டெம்பர் முடிகிறது, மாரிக்கு முதல் மூடியைத் தூக்கி மண் அள்ள ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது, நாளைக் காலை அவர் கடை திறக்கிற நேரத்துக்கு அக்காவும் நானும் கொப்பியோடு போகிறோம்.